போர்க்காலப் பாலியல் வன்முறையும் பொதுச் சுகாதாரமும்: ருவாண்டா தரும் பாடம்

முன்னுரை

போரில் நிகழும் பாலியல் வன்முறை பெரும்பாலும் சட்டம், ஒழுக்கம் ஆகியவற்றின் அடிப்படையிலேயே ஆராயப்படுகிறது. அது பொதுச் சுகாதாரச் சிக்கலும் ஆகும். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

பாதிப்பின் அளவு

250,000 முதல் 500,000 வரையிலான பெண்கள் வன்முறைக்கு ஆளாகியிருக்கலாம் என ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 1996இல் மதிப்பிட்டார். இது நேரடிக் கணக்கெடுப்பு அன்று. பதிவான கருத்தரிப்புகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. கொல்லப்பட்டோரும் பேச அஞ்சியோரும் எப்பதிவிலும் இடம்பெறாமையே இதற்குக் காரணம்.

உடல்நல விளைவுகள்

உறுப்புக் காயம், விரும்பாத கருத்தரிப்பு, பால்வினை நோய், நீடித்த மன அதிர்ச்சி ஆகியன முதன்மையான விளைவுகளாகும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. 1994இல் ருவாண்டாவில் அம்மருந்தும் இல்லை. அதனை வழங்கப் பல மருத்துவமனைகளும் இயங்கவில்லை. பின்னர், உயிர் தப்பிய 1,125 பெண்களிடம் கைம்பெண்கள் சங்கமொன்று நடத்திய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அவர்கள் அனைவருக்கும் வன்முறையினாலேயே அது தொற்றியது என உறுதிப்படுத்த இயலாது.

இவ்விடத்தில் மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. ருவாண்டா உட்பட 7 ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, போரினால் மக்கள்தொகை அளவில் எச்.ஐ.வி. விகிதம் உயர்ந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. நாட்டின் சராசரி உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்பதனால் தனிமனிதத் துயரம் பொய்யாகிவிடாது. சராசரியை மட்டுமே நோக்கும் சுகாதாரத் திட்டம் இப்பெண்களைக் காணத் தவறிவிடும்.

நீதியும் மருந்தும்

அருஷா நகரில் இயங்கிய ஐ.நா. தீர்ப்பாயம், பாலியல் வன்முறை இனப்படுகொலைச் செயலாகலாம் என 1998இல் அக்காயேசு வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும், காவலில் இருந்த குற்றவாளிகளுக்கு எச்.ஐ.வி. மருந்து கிடைத்த காலத்தில், சாட்சியம் அளித்த பெண்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. தீர்ப்பைக் காணுமுன்னரே இறந்தோரும் உளர்.

முடிவுரை

மருந்து இருந்தும் அதனை நாடிச் செல்லவிடாமல் தடுப்பது பழிச்சொல்லுக்கு அஞ்சும் அச்சமாகும். ‘கற்பழிப்பு’ எனும் தமிழ்ச்சொல், குற்றத்தைச் சுட்டாமல் பெண்ணின் இழப்பையே சுட்டுகிறது. ‘பாலியல் வன்முறை’, ‘வன்புணர்ச்சி’ என வழங்குவது சொல்மாற்றம் மட்டுமன்று. சிகிச்சைக்கு வழிதிறக்கும் செயலுமாகும். வகுப்பறையில் அச்சொற்களை வேரூன்றச் செய்வது தமிழாசிரியர்களின் கடனாகும்.