ஏரியைத் தொலைத்த மாம்பலம்: நம் கிராமங்களுக்கு ஒரு பாடம்

மகளின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கவோ, தீபாவளிக்குத் துணி வாங்கவோ சென்னை தியாகராய நகருக்கு நீங்கள் ஒரு முறையாவது வந்திருப்பீர்கள். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, பனகல் பூங்கா பக்கம் வந்திருப்பீர்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்துக்கு வந்திருந்தால் நீங்கள் பார்த்திருப்பது கடைவீதியை அல்ல, ஏரியை.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. அண்மையில் செங்கல்பட்டு பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஆயக்கட்டில் பாதி நிலம் மனையாகிவிட்டது. இனி இந்த ஏரியைத் தூர்வாரி யாருக்கு என்ன லாபம்?” நியாயமான கேள்விதான். அதற்கான பதில் மாம்பலத்தில் இருக்கிறது.

ஏரிக்கரைக் கிராமம்

மாம்பலம் அன்று சென்னை நகரின் பகுதி அல்ல. செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த விவசாயக் கிராமம். அதை ஒட்டிக் கிடந்தது ஒரு பெரிய ஏரி. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே வில்போல் வளைந்து, சைதாப்பேட்டை பக்கம் வரை சுமார் 6 கிலோமீட்டர் நீண்டிருந்தது. வடபகுதியை நுங்கம்பாக்கம் ஏரி என்றும், தென்பகுதியை மயிலாப்பூர் ஏரி என்றும் அழைத்தார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘லாங் டேங்க்’.

அந்த விவசாய வாழ்க்கையின் தடயம் இன்றும் ஊர்ப் பெயர்களில் ஒட்டியிருக்கிறது. மயிலாப்பூருக்கு அடுத்த மந்தைவெளி, மாட்டு மந்தை மேய்ந்த வெளி. தேனாம்பேட்டை என்பது தென்னந்தோப்புகள் நிறைந்த ‘தென்னம்பேட்டை’தான் என்பார்கள். மயிலாப்பூரின் காய்கறிச் சந்தைக்கு இன்றும் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்றே பெயர்.

அந்தக் காலத்துக் கிராமம் எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு சீமையின் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். நெல் அடித்துக் களத்தில் குவித்ததும், நிலக்காரரும் சர்க்காரும் பங்கு பிரிப்பதற்கு முன்பாகவே, கோயிலுக்கும் கணக்கருக்கும், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார் ஆகியோருக்கும் ஒரு பங்கு அளந்து ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஏரி பராமரிப்புக்கும் அதில் பங்கு இருந்தது. ஏரியின் செலவு விளைச்சலிலிருந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள். வயல் விளைந்தால்தான் ஏரிக்குக் காவல். வயல் போனால் ஏரிக்காகப் பேச ஆள் இருக்காது.

விவசாயக் கல்விக்கும் இந்த மண்ணே தாய்வீடு. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பள்ளி போன சில ஆண்டுகளில் ஏரியும் போயிற்று.

ஏரி எப்படிப் போனது?

முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னையில் வீடுகளுக்குக் கடும் நெருக்கடி. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், 1923 வாக்கில் ஏரியை உடைத்துத் தண்ணீரை வடித்து, மனை போடத் தொடங்கினார்கள். அப்படி உருவான குடியிருப்புக்கு, 1925-இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. 1931-இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மனைகளுக்கு மவுசு கூடியது.

மிச்சமிருந்த ஏரியும் துண்டு துண்டாகக் கரைந்தது. 1950-களில் நந்தனம் எழுந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரி நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இன்று மிஞ்சியிருப்பவை பெயர்கள்தான்: மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’, நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’, ‘டேங்க் பண்ட் ரோடு’.

அன்றைய ஆட்சியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மக்களுக்கு வீடு தேவைப்பட்டது. அகலமான சாலைகளும் பூங்காக்களுமாக நல்ல திட்டத்தோடுதான் நகரை அமைத்தார்கள். ஆனால் ஏரியை வெறும் நிலமாகக் கணக்கிட்டவர்கள், அது தாங்கி நின்ற தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். சென்னையில் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் 140 செ.மீ. மழைக்கு, ஏக்கருக்கு 56 லட்சம் லிட்டர். முன்பு இந்த வெள்ளத்தை வாங்கி வைக்க ஏரி இருந்தது. இப்போது மாம்பலம் கால்வாய் வழியாக அது அடையாற்றுக்குப் போக வேண்டும். கால்வாய் அடைத்துக்கொண்டாலோ, ஆறு ஏற்கெனவே நிரம்பி ஓடினாலோ தண்ணீர் தெருவில்தான் நிற்கும். பள்ளத்தில் தேங்கிய நீரால் மாம்பலம் கொசுவும் யானைக்கால் நோயும் ஒரு காலத்தில் ஊரறிந்த சேதி. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. 2021 நவம்பரில் தியாகராய நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. இடையில் 2019 கோடையில் இதே சென்னை குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தது. வெள்ளத்தைத் தேக்க இடமில்லாத ஊர், வறட்சியிலும் தவிக்கும்.

பெரியவருக்குப் பதில்

பாதி ஆயக்கட்டு போனாலும் ஏரியின் வேலை முடிந்துவிடாது. ஏரி நிரம்பினால்தான் மீதி வயலின் கிணறுகளும், மனை வாங்கியவர்களின் ஆழ்துளைக் கிணறுகளும் ஊறும். ஆனால் “பாசனமே இல்லாத ஏரி” என்று பெயர் வாங்கிவிட்டால், அதை வேறு காரியத்துக்குக் கேட்க வருபவர்களைத் தடுப்பது கடினம். ஆகவே இப்போதே செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, ஆவணம். ஏரி, வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால் ஆகியவற்றின் சர்வே எண்களைக் கிராம வரைபடத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் முதலில் மறைவது ஏரி அல்ல, வரத்துக்கால்தான்.

இரண்டாவது, யாரிடம் மனு கொடுப்பது என்பதில் தெளிவு. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஏரியைப் பற்றித் தீர்மானம் போட்டு, நகல் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, வண்டல். வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, கோடையில் வண்டலை எடுத்து வயலில் பரப்புங்கள். மணற்பாங்கான நிலத்துக்கு இது ஈரம் பிடித்து வைக்கும் உரம். ஏரிக்கும் ஆழம் கூடும். எடுக்கும்போது கரையின் அடிவாரத்தையும் மதகின் பக்கத்தையும் தொடாதீர்கள்.

நான்காவது, பயிர். மிச்சமிருக்கும் வயல்காரர்கள் சம்பாவுக்கு ஒரே வாரத்தில் நாற்று விடுங்கள். ஒத்த வயதுள்ள ரகத்தைப் போடுங்கள். அப்போதுதான் மதகை முறை வைத்துத் திறக்க முடியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீர் மிஞ்சும். நவரைக்கு ஏரியில் நீர் போதாது என்று தெரிந்தால் நெல்லை விட்டுவிட்டு, அறுவடை ஈரத்திலேயே உளுந்து போடலாம். ஒரு போகமாவது ஆயக்கட்டு பச்சையாக இருந்தால், அதுவே ஏரிக்கு நீங்கள் போடும் வேலி.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. ஊர் கூடிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஜவுளி எடுக்க வரும்போது, ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி லேக் வியூ ரோடு வரை நடந்து பாருங்கள். ஏரியைப் பார்த்திருந்த சாலை அது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும், முதல் வேலையாக உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஏரியின் சர்வே எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.