மாட்டின் பங்கு

2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்திய சர்க்கார், எண்ணெய் எடுத்த அரிசித் தவிட்டை அன்னிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யலாகாதென்று உத்தரவிட்டனர். தீவன விலை ஏறி, அதனால் பால் விலையும் ஏறிவந்ததே காரணம். பலமுறை நீட்டிக்கப்பட்ட அத்தடை 2025 அக்டோபரில் நீக்கப்பட்டது. தவிட்டு வியாபாரிகளுக்கு இது மகிழ்ச்சியே. அவர்களுடைய லாபத்தில் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் அத்தவிட்டில் முதல் பாத்தியதை யாருக்கு என்று கேட்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நெல்லில் அரிசி நமக்கு. வைக்கோலும் தவிடும் மாட்டுக்கு. கடலையில் எண்ணெய் நமக்கு; பிண்ணாக்கு மாட்டுக்கு. பருத்தியில் பஞ்சு நமக்கு, கொட்டை மாட்டுக்கு. மனிதனுக்கு உதவாததைத் தின்று மனிதனுக்குப் பாலும் எருவும் தருவதே நம் நாட்டு மாட்டின் தருமம். மேனாடுகளிலோ, மனிதன் உண்ணத்தக்க தானியமே பெருவாரியாகக் கால்நடைகளுக்குப் போகிறது. 2019-ம் வருஷக் கணக்கின்படி பசுவினம் 19 கோடிக்கு மேலும், எருமை ஏறக்குறைய 11 கோடியும் உள்ள இந்நாடு அவ்வழியில் சென்றால், மனிதனும் மாடும் ஒரே களஞ்சியத்திற்குப் போட்டியிட நேரும். ஆகவே இப்பொருள்களைக் கழிவு என்பது பெருந்தவறு.

அன்னிய ஆட்சியில் நம் நிலக்கடலை மூட்டைமூட்டையாக மார்ஸேல்ஸ் துறைமுகத்திற்குப் போயிற்று. எண்ணெயும் அங்கே; பிண்ணாக்கும் அங்கே. வித்துக்களை அனுப்புவது நிலத்தின் சாரத்தையே அனுப்புவதாகும் என்று, ஆங்கில சர்க்கார் அழைத்துவந்த விவசாய நிபுணர் வோல்க்கர், 1893-ல் வெளியான தமது அறிக்கையில் எச்சரித்தார். சுயராஜ்யத்திலும் அப்பாடத்தை நாம் மறக்கலாமா?

சர்க்காரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அறுவடை யந்திரம் சிதறிவிட்ட வைக்கோலை வயலிலேயே கொளுத்துவோர் நம்மிலும் உண்டு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஐம்பது அறுபது லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால், அதன் புரதச்சத்து ஏறக்குறைய இரு மடங்காகும். அளவு மீறினால் யூரியா விஷம். இளங்கன்றுகளுக்கு இத்தீவனம் ஆகாது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கும் அவ்வாறே. அதன் நஞ்சு பாலிலும் இறங்கி, அப்பாலைக் குடிக்கும் குழந்தைக்குத் தீங்காகும். உலர்த்திப் பாதுகாப்பது சிறிய வேலை. அலட்சியத்தின் கேடோ பெரிது.

நாம் கோருவன இரண்டு. தவிடும் பிண்ணாக்கும் கப்பலேறுமுன், பால் கூட்டுறவுச் சங்கங்களின் தீவன ஆலைகளுக்கு நியாய விலையில் முதல் பங்கு கிடைக்கும்படி சர்க்கார் விதி செய்யவேண்டும். பொதுஜன ஊழியர்கள், அறுவடைக் காலத்தில் கிராமந்தோறும் சென்று, வைக்கோலைப் போர் போடவும் பக்குவம் செய்யவும் குடியானவர்களுக்குத் துணைநிற்கவேண்டும். வாயில்லாப் பிராணி மனுப் போடாது. அதன் பங்கைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாமே.