ராஜபாட்டையில் ஒரு மாத வாசம்

பாரிஸ் மாநகரத்தினின்று மத்தியதரைக் கடலோரத்து மார்செய் பட்டணத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்குச் ‘சூரியப் பாதை’ என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வெயிலைத் தேடித் தெற்கே போகும் குடும்பங்கள் கோடைதோறும் அதில் விரைகின்றன. தூரம் சுமார் 800 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டவர் இராச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். 1982-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அச்சாலையில் பிரவேசித்த ஒரு தம்பதி, ஜூன் 23-ஆம் தேதிதான் மார்செயை அடைந்தார்கள். அத்தனை நாள் எடுத்துக்கொள்வதென்று முன்கூட்டியே சங்கற்பம் செய்துகொண்டு கிளம்பியவர்கள் அவர்கள்.

கணவர் ஹூலியோ கொர்த்தஸார். 1914-இல் பிரஸ்ஸல்ஸில் அர்ஜென்டீனப் பெற்றோருக்குப் பிறந்து, பியூனஸ் அயர்ஸ் அருகே வளர்ந்து, 1951 முதல் பாரிஸிலேயே குடியிருந்த ஸ்பானிஷ் மொழி எழுத்தாளர். அத்தியாயங்களை வரிசை மாற்றியும் வாசிக்கலாம் என்று வாசகனுக்குச் சுதந்திரம் அளித்த ‘ராயுவேலா’ நாவலை 1963-இல் வெளியிட்டு உலகப் பிரசித்தி அடைந்தவர். மனைவி காரல் டன்லப், அமெரிக்காவில் பிறந்து கனடாவில் வாழ்ந்தவர். எழுத்தும் புகைப்படக் கலையும் ஒருங்கே கைவரப்பெற்றவர். கணவரைவிட முப்பது வயதுக்கு மேல் இளையவர். இருவருக்கும் தேக ஆரோக்கியம் சீராக இல்லாமையால், நெடுநாள் மனத்தில் இருந்த இந்தப் பிரயாணம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

அவர்களைச் சுமந்து சென்றது சிவப்பு நிற வோக்ஸ்வாகன் வண்டி. தண்ணீர்த் தொட்டியும், சமைக்க எரிவாயுவும், இரவில் படுக்கையாக விரியும் ஆசனமும் கொண்ட அந்த நடமாடும் வீட்டுக்கு ‘ஃபாஃப்னர்’ என்று நாமகரணம் செய்திருந்தார்கள். வாக்னரின் இசை நாடகத்தில் புதையலைக் காத்துக் கிடக்கும் பூதநாகத்தின் பெயர் அது. கதையில் அந்த நாகம் வீரன் ஒருவனால் வெட்டுண்டு மடிகிறது. கொர்த்தஸாரோ அதன் கட்சியில் நின்று, தம் வண்டிக்கு அதன் பெயரை இட்டார்.

பிரயாணத்துக்கு அவர்கள் வகுத்துக்கொண்ட நியமங்கள் சில. மார்செய் சேரும்வரை நெடுஞ்சாலையை விட்டு இறங்கலாகாது. வழியிலுள்ள இளைப்பாறுமிடங்கள் ஒன்றையும் விடாமல், நாளொன்றுக்கு இரண்டு வீதம் தங்கிப் பார்க்கவேண்டும்; இரவு வாசம் எப்போதும் இரண்டாவதில். கண்டதையெல்லாம், புதிய பூமிகளைத் தேடிப்போன பழங்காலக் கடலோடிகளைப்போலச் சிரத்தையாகக் குறித்துவைக்கவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் அச்சாலையிலேயே தங்குவது விதிக்கு விரோதமாகையால், அனுமதி வேண்டி நிர்வாகத்துக்குக் கடிதமும் எழுதினார்கள். பதில் வராமற்போகவே, தங்கள் நியமத்தையே துணையாகக் கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். கணக்கிட்டுப் பார்த்தால், அவர்கள் வண்டி ஓடியது நாளொன்றுக்குச் சராசரி 25 கிலோமீட்டர்; மாட்டுவண்டிக்கும் அது பெரிய தூரமன்று.

பெட்ரோல் போடவும் கைகால் நீட்டவும் பத்து நிமிஷம் நின்று, மறுகணமே மறந்துவிடுகிற இடங்களில் என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடையாகவே அவர்கள் நாட்குறிப்பு அமைந்திருக்கிறது. காலையில் என்ன உண்டார்கள், மத்தியானம் என்ன சமைத்தார்கள், நிறுத்தப்பட்ட ஃபாஃப்னரின் முகம் எத்திசை நோக்கியிருந்தது என்பதெல்லாம், கப்பல் தலைவன் தன் ஏட்டில் எழுதுவதுபோல் நாள்தோறும் பதிவாயின. மரநிழலில் மடக்கு நாற்காலிகளை விரித்து, தட்டச்சுப் பொறியை முன்வைத்து, சற்றுத் தூரத்தில் வாகனங்கள் ஓயாது இரைந்துகொண்டிருக்க, அவர்கள் எழுதினார்கள். அந்த நாற்காலிகளின் பூப்போட்ட துணி பார்க்கச் சகியாததாய் இருந்தமையால் அவற்றுக்கும் ‘பூப்போட்ட பயங்கரங்கள்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. இரவானதும் தூரதேசத்து லாரிகள் வரிசையாய் வந்து ஒதுங்குவதையும், பொழுது புலருமுன் அவை போய்விடுவதையும் கண்டார்கள். நண்பர்கள் எப்போதாவது வெளியிலிருந்து புதிய காய்கனிகள் கொண்டுவந்து கொடுத்துச் சென்றார்கள். பர்கண்டியின் பசுமையைக் கடந்து, லியோன் நகரைத் தாண்டி, ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கு வெயிலில் பிரவேசிப்பதற்குள், 65 இளைப்பாறுமிடங்களும் அவர்களுக்குப் பழகிய ஊர்களைப்போல் ஆகிவிட்டன.

இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1966-இல் வெளிவந்த கதையொன்றில், பாரிஸுக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில் அசைய முடியாமல் நாட்கணக்கில் நின்றுபோன கார்களுக்குள் அந்நியர்கள் ஒரு கிராமத்தாராய் மாறுவதையும், சாலை திறந்த மாத்திரத்தில் அந்த உறவு சிதறுவதையும் கொர்த்தஸார் எழுதியிருந்தார். நின்றால் உறவு, விரைந்தால் பிரிவு என்று தம் கதை கண்டுகொண்ட உண்மையை, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தாமே வாழ்ந்து பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரயாணம் முடிந்ததும் இருவரும் நிகராகுவா சென்றார்கள். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி, முப்பத்தாறே வயதான காரல் பாரிஸில் காலமானார். இருவரும் சேர்ந்து தொடங்கிய புத்தகத்தைக் கொர்த்தஸார் தனியே உட்கார்ந்து முடித்தார். இளைப்பாறுமிடங்களின் படங்களைக் காரலின் மகன் வரைந்து கொடுத்தார். 1983-இல் வெளியான அந்நூலின் முகப்பில் ஆசிரியர்களாக இருவர் பெயரும் விளங்குகின்றன. அதன் வருமானம் நிகராகுவா மக்களுக்கு என்று எழுதிவைக்கப்பட்டது.

எஞ்சியிருக்கும் காலம் இவ்வளவுதான் என்று அறியாமலே, அதை மிகச் சிறந்த முறையில் செலவிட்டவர்கள் இத்தம்பதி என்பது என் துணிபு. ஒரு பகலில் ஓடிக் கடக்கக்கூடிய தூரத்தை ஒரு மாத இல்லறமாக விரித்துக்கொண்டவர்களுக்கு, நெடுந்தூரம் சென்று தேடவேண்டிய அதிசயம் வேறொன்றும் இல்லை. அடுத்த முறை வாகனத்தில் வெளியூர் செல்லும் வாசகர்கள், துணைவரோடு ஏதேனும் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரமாவது இறங்கி உட்காரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொர்த்தஸார் 1984 பிப்ரவரி 12-ஆம் தேதி மறைந்தார். பாரிஸின் மோன்பர்னாஸ் மயானத்தில், காரலின் சமாதியிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.