உருகி வந்த டொலர்

எங்கள் அம்மம்மாவின் பெட்டகத்தில், பழஞ்சேலைத் துண்டில் முடிந்தபடி ஐந்து வெள்ளிக்காசுகள் இருந்தன. "மிசன்காரர் காலத்து அமெரிக்க டொலர்" என்பார் அவர். இலங்கையின் பண்டத்தரிப்பில் பிறந்தவர் அப்படி நம்பியதில் வியப்பில்லை. 1820 இல் அமெரிக்க மிசன் இங்கே நிலையம் அமைத்தது. வைத்தியர் ஜோன் ஸ்கடர் நோயாளிகளைப் பார்த்தது இந்த ஊரில்தான். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

ஆனால் அந்த மிசன்காரர் தம் நாட்டு வெள்ளி டொலரைக் கொண்டுவந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1804 இல் அமெரிக்கா வெள்ளி டொலர் அடிப்பதை நிறுத்தியது. 1836 இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைக்காலத்தில் கடல் வணிகத்தில் ஓடியது ஸ்பானிய டொலர்.

உண்மையான அமெரிக்க டொலரைக் கையில் எடுத்தாலே தெரியும்: 26.73 கிராம் எடை, 38 மில்லிமீற்றர் அகலம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 1878 இல் வந்த மோர்கன் டொலரின் ஒரு பக்கத்தில் சுதந்திரதேவியின் தலை, மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகு. கழுகைச் சுற்றிய மாலையின் முடிச்சுக்குக் கீழே நாணயசாலைக் குறியைப் பாருங்கள். 'எஸ்' இருந்தால் சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' இருந்தால் நியூ ஓர்லியன்ஸ், இரண்டு 'சீ' இருந்தால் கார்சன் சிற்றி. எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா.

அம்மம்மாவின் காசுகளில் கழுகு இல்லை. முடிசூடிய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்தான் இருந்தார். பின்புறம் 1918. இந்திய வெள்ளி ரூபா! அன்று இலங்கையிலும் அதுவே செல்லுபடியான பணம்.

ஆனாலும் அம்மம்மா முற்றிலும் பிழையாகச் சொல்லவில்லை. முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளிக்குப் பெருந்தட்டுப்பாடு. 1917 நவம்பரில் ஒரு ரூபாத் தாளே வெளியிட வேண்டி வந்தது. மக்களோ தாளை நம்பாமல் வெள்ளி கேட்டார்கள். 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிற்மன் சட்டத்தை இயற்றி, களஞ்சியத்தில் கிடந்த 27 கோடி வெள்ளி டொலர்களை உருக்கியது. அதில் ஏறத்தாழ 26 கோடி டொலரின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டது. கல்கத்தாவும் பம்பாயும் 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் தலா 40 கோடிக்கு மேல் ரூபா அடித்தன. நான்கு டொலரில் இருக்கும் தூய வெள்ளி சரியாக ஒன்பது ரூபாவுக்குப் போதும். கழுகும் தேவியும் உலையில் கரைந்து மன்னர் தலையாக வெளிவந்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

ரூபாவிலும் நாணயசாலைக் குறி உண்டு. பின்புறத்தின் அடியில் உள்ள தாமரைப் பூவுக்குக் கீழே, கடுகிலும் சிறிய புள்ளி மேடாக இருந்தால் அது பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. எங்கள் ஐந்தில் மூன்றில் புள்ளி இருந்தது. பூதக்கண்ணாடி இல்லாமல் அதைக் கண்டிருக்க முடியாது.

போலியா என்று அறியவும் எளிய வழி உண்டு. நகைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது, காசு விலக்கிய தண்ணீரின் எடை. தேயாத ரூபா 11.66 கிராம், தண்ணீரில் 1.13 கிராம் காட்டும். வகுத்தால் 10.3 வரும், வெள்ளியும் செம்பும் கலந்த இந்தக் கலவையின் அடர்த்தி அதுதான். அதே எடையுள்ள செம்பு–நிக்கல் போலி 1.3 கிராம் காட்டிவிடும்.

கறுத்திருக்கிறதே என்று பழப்புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். தேய்த்தால் படலத்தோடு தாமரைக்குக் கீழுள்ள புள்ளியும் தேய்ந்துபோகலாம். உங்கள் வீட்டில் 1918 அல்லது 1919 ரூபா இருந்தால், உருக்கக் கொடுக்குமுன் ஒருமுறை அந்தப் புள்ளியைத் தேடிப் பாருங்கள்.