கரண்ட் வைத்த தாடையில் கை வைக்கும் முன்

திருச்சி தில்லை நகரில் பல் கிளினிக் இல்லாத குறுக்குத் தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்த ஒருவர், ஆடுகிற கடைவாய்ப் பல்லோடு அதில் ஒன்றுக்குள் நுழைகிறார். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கரண்ட் வைத்ததுண்டா என்று பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. புற்றுநோய் என்று சொல்லக் கூசி அவரும் வாய் திறப்பதில்லை. பத்து நிமிடத்தில் பல் வெளியே வந்துவிடுகிறது.

பல் போன குழி மட்டும் மூடுவதில்லை. ஒரு மாதம் கழித்தும் நாக்கால் தடவினால் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்படுகிறது. அது எலும்பு. ஈறு மூடாமல் மஞ்சள் பாய்ந்து வெளியே தெரியும் தாடை எலும்பு. பிறகு நாற்றம், சீழ், கன்னத்தில் ஓட்டை, சிலருக்குத் தாடையே முறிவது என்று போகிறது. இதற்குள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் நாலைந்து அட்டை தீர்ந்திருக்கும். புற்று திரும்பிவிட்டதென்று வீடே கலங்கிப் போயிருக்கும்.

இது கதிர்வீச்சால் எலும்பு மடிவது. 1922இலேயே பிரான்ஸின் மருத்துவர் ரெகோ இதை எழுதிவிட்டார். கதிர்வீச்சு புற்றை மட்டும் சுடுவதில்லை, தாடை எலும்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சுருக்கிவிடுகிறது. ரத்தம் போகாத எலும்பில் காயம் ஆறாது. தாடை வாங்கிய கதிர்வீச்சு 60 கிரேயை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டினால் ஆபத்து கூடுகிறது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கே அடி அதிகம். கரண்ட் முடிந்து பத்து வருடம் ஆயிற்று, இனி என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்த ஆபத்துக்குக் காலாவதி கிடையாது. எச்சில் சுரப்பிகளும் வற்றிப்போவதால், மிச்சமிருக்கும் பற்கள் ஈறை ஒட்டிய இடத்தில் மளமளவென்று சொத்தையாகும். ஆகவே பல் பிரச்சினை வராமல் போகாது, வந்தே தீரும்.

முதல் தவறு கரண்டுக்கு முன்பே நடக்கிறது. மோசமான பற்களைக் கரண்ட் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் முன்பே எடுத்து, புண் ஆற விட வேண்டும். புத்தூரில் உள்ள அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே வாய் முழுக்கப் பரிசோதித்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். புற்றுநோய் மருத்துவர் அனுப்பவில்லை என்றால் நோயாளி தானே கேட்க வேண்டும். அனுப்ப மறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறதிக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

அடுத்தது ஒரு தாள். கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தத் தாளை மறக்கக் கூடாது. கதிர்வீச்சு முடிந்ததும் அந்தத் துறை எழுதும் சிகிச்சைச் சுருக்கம் அது. மொத்தம் எத்தனை கிரே, எத்தனை அமர்வு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பக்கம், கோபால்ட் இயந்திரமா லீனியர் ஆக்சிலரேட்டரா, முக்கியமாகக் கீழ்த்தாடை எலும்பு எவ்வளவு வாங்கியது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பல வீடுகளில் டிஸ்சார்ஜ் தாளை மட்டும் பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். ‘கதிர்வீச்சு அளிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி இருக்கும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பல் மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்தத் தாளைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதித்தவரோ பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டால் ‘அப்புறம் வாங்க’ என்பார்கள். மருத்துவப் பதிவேட்டுத் துறைக்கு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. கரண்டுக்குத் தினமும் வந்து போனவர்களின் பதிவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றே வாங்கி, நாலு நகல் எடுத்து, ஒன்றைக் கைப்பேசியிலும் படம் பிடித்து வைக்க வேண்டும்.

தாள் கையில் இருந்தால் பல்லுக்கு வழி பிறக்கிறது. அதிக அளவு கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் சொத்தைப் பல்லைப் பிடுங்காமலே சமாளிக்கலாம்: வேர் சிகிச்சை செய்து, மேல்பகுதியை மட்டும் அறுத்து, வேரை உள்ளேயே விட்டு மூடிவிடுவார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் வாய் முகத் தாடை அறுவை சிகிச்சை நிபுணர் எடுக்க வேண்டும், சந்து கிளினிக்கில் அல்ல. கழற்றி மாட்டும் பல் செட்டுக்கும் அவசரம் ஆகாது. கரண்ட் முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வதே வழக்கம். வறண்ட வாயில் பொருந்தாத செட் உரசும் புண்ணே எலும்பைத் திறந்துவிடும் என்பதால், உறுத்தினால் அன்றே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மேல் அண்ணத்தை இழந்தவர்களுக்கு, சாப்பிட்டது மூக்கில் ஏறாமல் அடைக்கும் தட்டும் பல்லும் சேர்ந்த ‘அப்சுரேட்டர்’ உண்டு. 1923இல் வாய்ப் புற்று கண்ட சிக்மண்ட் பிராய்டு, 1939இல் இறக்கும்வரை அப்படியொரு தட்டோடுதான் பேசினார், எழுதினார்.

‘ஒரே நாளில் ஸ்க்ரூ பல்’ விளம்பரங்கள் கரண்ட் வைத்தவர்களுக்கானவை அல்ல. இம்ப்ளான்ட் அறவே கூடாது என்பதில்லை. ஆனால் அது எலும்பைத் துளைக்கும் வேலை. கதிர்வீச்சு வாங்கிய எலும்பில் தோற்கும் வாய்ப்பு அதிகம். திருகு இறங்கும் அந்த இடம் எத்தனை கிரே வாங்கியது என்று பார்க்காமல் துளைக்க வருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. எலும்பைக் காக்கும் என்று சொல்லி உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் அமர்வு அமர்வாக உட்கார வைப்பவர்களும் உண்டு. பிரிட்டனில் நடந்த ஹோபான் ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. கதிர்வீச்சு வாங்கிய கீழ்த்தாடையில் பல் எடுப்பதற்கோ இம்ப்ளான்ட்டுக்கோ முன்பும் பின்பும் அந்த அறையில் இருந்தவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு எலும்பு மடிந்தது. இல்லாதவர்களில் 5.7 சதவீதம். பணம் கட்டும் முன் இந்த இரண்டு எண்களை மருத்துவரிடம் சொல்லி விளக்கம் கேட்கலாம்.

திருச்சிக்காரர்கள் இதற்கெல்லாம் சென்னை ஓட வேண்டியதில்லை. சுமார் 50 கிலோமீட்டரில் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023இல் வந்துவிட்டது. செயற்கைப் பல் துறையும் தாடை அறுவை சிகிச்சைத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் அங்கே லாபம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வருபவர்கள் ரயில்வே சலுகைப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்காத குடும்பங்கள் இருப்பதுதான் வேதனை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். தாடை அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் உண்டா, பல் கட்டும் செலவு அதில் சேருமா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும். பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. கட்டணமில்லா எண் 1800 425 3993.

கரண்ட் வைத்ததைச் சொல்லியும் எச்சரிக்காமல் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால்? ஆபத்தை விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வேலூரிலோ சென்னையிலோ சிகிச்சை நடந்திருந்தாலும் திருச்சியில் வசிப்பவர் திருச்சியிலேயே தாக்கல் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி இது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. வழக்கறிஞருக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, பல் எடுத்த இடத்தின் ரசீதும் மருந்துச் சீட்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தருபவரிடம் பெயர், பதிவு எண்ணுடன் ரசீது கேட்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது.

பல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பதிவுப் படிவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கீழே, தலையிலோ கழுத்திலோ கரண்ட் வைத்ததுண்டா என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாத கிளினிக்கில், நோயாளிகளே, ஊசி போடும் முன் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.