மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் பரீட்சையும் சாலையில் நமக்குரிய இடமும்

புனே நகரத்தைப் பூனா என்று நம் முந்திய தலைமுறையினர் வழங்கிவந்த நாட்களில் அதற்குச் சைக்கிள் நகரம் என்றொரு பெயர் இருந்தது. ஆலைக்குச் செல்வோரும் கல்லூரிக்குச் செல்வோரும் சாரி சாரியாக மிதித்துச் சென்ற அதே சாலைகளில் இன்று மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டிகளே நிறைந்திருக்கின்றன. அதற்கான காரணம் ஓரளவு ஊரிலேயே இருக்கிறது. ஆகுர்டியில் பஜாஜ் நிறுவனத்தார் அமைத்த தொழிற்சாலையிலிருந்து 1972-ஆம் ஆண்டில் சேதக் ஸ்கூட்டர் வெளிவந்தது. அதே ஆண்டில் இவ்வூரைச் சேர்ந்த கைனடிக் நிறுவனத்தார் லூனா என்னும் சிறு வண்டியைக் கொண்டுவந்தனர். ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், இவ்விரண்டில் ஒன்று வாசலில் நிற்காத வீடு அரிதாயிருந்தது.

நம் மகளுக்கு இவ்வாண்டு பதினெட்டு வயது நிறைந்தது. லைசென்ஸ் பரீட்சைக்குரிய வினா விடைகளை அவள் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஒருநாள் மாலை நாம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டோம். ‘சாலையில் எந்தப் பக்கமாகச் செல்ல வேண்டும்?’ என்றதற்கு, ‘இடப்பக்கமாக’ என்று உடனே பதில் வந்தது. ‘எவ்வளவு இடப்பக்கமாக?’ என்றோம். ‘அது புத்தகத்தில் இல்லையே, அப்பா!’ என்றாள். புத்தகத்தில் இல்லாத அந்தச் சிறு கேள்வியைப் பற்றித்தான் இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

முதலில் பரீட்சையைப் பற்றிச் சில வார்த்தைகள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன்கீழ் 1989-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளும் இதற்கு ஆதாரம். வண்டியைச் சாலையில் ஓட்டிப் பழகுவதற்கு முன்பே பழகுநர் லைசென்ஸ் பெற வேண்டும். அதைப் பெறுவதற்குச் சாலை விதிகளில் ஓர் அறிவுப் பரீட்சை உண்டு. வினாக்களில் நூற்றுக்கு அறுபது விழுக்காடு சரியாக விடையளித்தால் தேர்ச்சி. முன்பு இதற்காகச் சங்கம் பாலத்தருகே உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்றோம்; 2021-ஆம் ஆண்டு முதல் மகாராஷ்டிரத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தே கணினியில் எழுத வகை செய்யப்பட்டிருக்கிறது. பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டிக்காட்டும் பரீட்சைக்குப் போகலாம். அதுவரை வெள்ளைத் தகட்டில் சிவப்பாக ‘எல்’ என்ற எழுத்தை வண்டியில் பொருத்த வேண்டும். கற்பிப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னிருக்கையில் ஏற்றலாகாது. இந்தக் கடைசி விதியைத் தோழியர்தாம் முதலில் மறக்கச் செய்வார்கள்.

சாலைச் சின்னங்களைத் தனித்தனியாக உருப்போடுவது வீண் சிரமம். வடிவத்தைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீண்ட சதுரம் தகவல். இரண்டே இரண்டு மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நிற்கின்றன. ஒன்று எட்டு முனைகளையுடைய ‘நில்’ பலகை; மற்றொன்று தலைகீழாக நிற்கும் ‘வழி விடுக’ முக்கோணம். பின்பக்கம் திரும்பியிருந்தாலும், புழுதி படிந்திருந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவ்விரண்டுக்கும் தனி உருவம் தரப்பட்டது.

வழி விடுவதைப் பற்றிய வினாக்களை மட்டும் ஒருமுறைக்கு நான்கு முறை படிக்க வேண்டும். பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட சாலையில் நுழையும்போது அதில் வருபவர்களுக்கு வழி விட வேண்டும். மற்றச் சந்திப்புகளில் நமக்கு வலப்புறமிருந்து வருபவர்களுக்கு விட வேண்டும். மலைப்பாதை குறுகலாக இருந்தால் இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழி விட வேண்டும். நூற்றுக்கு நாற்பது தவறினாலும் தேர்ச்சி என்பது சட்டம் காட்டும் தாராளம். தவறிய நாற்பதில் இவையும் அடங்கியிருந்தால், சாஸ்வட் செல்லும் திவே காட் மலைப்பாதையில் அந்தத் தேர்ச்சி பயன்படாது.

இனி நம் கேள்விக்கு வருவோம். மொழிபெயர்ப்பே நமது உத்தியோகம். ஆகையால் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ‘இடப்பக்கமாகச் செல்க’ என்று விதி சொல்கிறது. ‘விளிம்பில் ஒட்டிச் செல்க’ என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலோர் இரண்டும் ஒன்றென்றே கருதுகிறார்கள். பயம் அவர்களை ஓரத்திற்குத் தள்ளுகிறது. ஓரம் பாதுகாப்பு என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.

நாமும் அப்படிக் கருதியவர்தாம். சில ஆண்டுகளுக்கு முன் கர்வே சாலையில், நிறுத்தப்பட்டிருந்த கார்களை உரசினாற்போல் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தோம். ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. வேகம் முப்பது கிலோமீட்டருக்குமேல் இராது. இடக்கை மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுடன் இருந்தோம். கதவைத் திறந்தவர் வயது முதிர்ந்த ஒருவர். நம்மைவிட அதிகமாக நடுங்கியவர் அவரே. அவர் பின்னால் பார்க்காமல் திறந்தது பிழைதான். ஆயினும் கதவு எட்டும் தூரத்திற்குள் வண்டியைக் கொண்டுபோனது யார் என்று கட்டுடன் படுத்திருந்த நாட்களில் யோசித்தோம்.

சாலையில் வெள்ளைக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு தடம் சாதாரணமாக மூன்றரை மீட்டர் அகலமுள்ளது. மோட்டார் சைக்கிளின் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒரே தடத்திற்குள் நமக்கு மூன்று இடங்கள் உள்ளன: இடப்பகுதி, நடுப்பகுதி, வலப்பகுதி. கார் ஓட்டுபவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. நமக்கு உண்டு, உண்டென்பதை அறிந்து ஒவ்வொரு கணமும் தேர்ந்துகொள்வதே மோட்டார் சைக்கிள் ஓட்டும் கலையில் பெரும்பகுதி.

இடப்பகுதியில் இருப்பவை யாவை? கார்க் கதவுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், மண்ணும் சரளையும், நடைபாதையிலிருந்து இறங்குபவர்கள், சவாரியைக் கண்டு சட்டென்று ஒதுங்கும் ஆட்டோ ரிக்‌ஷாக்கள். நடுப்பகுதியில் வண்டிகள் சொட்டிய எண்ணெய் படிந்திருக்கும். சிக்னல் அருகே இது மிகுதி. ஜூன் மாதத்து முதல் மழையில் அந்த எண்ணெய் தண்ணீரோடு கலக்கும்போது சாலை சோப்புத் தேய்த்தாற்போல் ஆகிவிடும். ஆகையால் கார்களின் சக்கரம் உருண்டு துடைத்த இரு சுவடுகளில் ஒன்றே பெரும்பாலும் நமக்கு நல்ல இடம். நகரச் சாலையில் இடத்தடத்தின் வலச் சுவட்டை நாம் விரும்புகிறோம். அங்கே இருந்தால் முன்னால் செல்லும் காரின் கண்ணாடியில் நாம் தெரிவோம். பக்கத்துச் சந்திலிருந்து எட்டிப்பார்ப்பவருக்கும் முன்கூட்டியே தென்படுவோம். நம் இடப்புறத்தில் ஒரு கதவு திறக்கும் அளவுக்கு இடம் மிஞ்சும்.

‘தென்படுவது’ என்று சொன்னோம். அதுதான் விஷயம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழுவினர் 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மற்றவரே மீறியிருந்தார். மோட்டார் சைக்கிளை அவர் கவனிக்கவில்லை என்பதே முக்கியக் காரணம். நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முன்விளக்கு பகலிலும் தானாகவே எரியும்படி செய்திருப்பது இதனாலேயே. பகலில் விளக்கு எரிகிறதே என்று கையசைத்துச் சொல்லும் அன்பர்கள் புனேயில் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் சரியன்று. இடப்புறம் வளையும் பாதையில் நம் தடத்தின் வலப்பகுதியிலும், வலப்புறம் வளையும் பாதையில் இடப்பகுதியிலும் இருந்தால் வளைவுக்கு அப்பால் சற்று அதிகமாகக் கண்ணுக்குத் தெரியும். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போனால் சக்கரம் நம் பக்கத்தில் இருந்தாலும், சாய்ந்த தலை எதிரே வரும் லாரியின் பக்கத்தில் இருக்கும். இதைத் திவே காட்டில் மகளுக்கு வண்டியை நிறுத்தி வைத்துச் சாய்த்துக் காட்டிய பிறகே அவள் நம்பினாள்.

வலப்புறம் திரும்புவதற்கு விதி தெளிவாக இருக்கிறது: கூடுமானவரை சாலையின் நடுவை ஒட்டி வந்து, நுழையும் சாலையின் இடப்பக்கத்தைச் சேர வேண்டும். நம்மூரில் பலர் இடது ஓரத்தில் நின்று, எல்லாருடைய குறுக்கேயும் வலப்புறம் வெட்டுகிறார்கள். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தோளைத் திருப்பி ஒருமுறை நேரே பார்த்து, தடம் தடமாக முன்கூட்டியே நகர வேண்டும். தோளைத் திருப்பும் போது புனேப் பெண்கள் தூசுக்காக முகத்தில் சுற்றும் துப்பட்டா கடைக்கண்ணை மறைக்காமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையே புகுவதை நாம் மகளுக்கு அறவே தடை செய்தோம். ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால் நாம் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். நிறுத்தத்திற்கு அவர் இடப்புறம் ஒதுங்கும்போது அந்த இடைவெளி இல்லாமற்போகும். முன்னால் செல்லும் வண்டிக்குப் பின்னால் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய இருபத்திரண்டு மீட்டர். மழையில் இருமடங்கு.

காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை இறங்கும் நெடுஞ்சாலைச் சரிவைத் தனியே சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 20 அன்று இரவு அங்கே ஒரு லாரி கட்டுக்கடங்காமல் இறங்கிப் பல வாகனங்களில் மோதியது. அத்தகைய சரிவில் கனரக வண்டிக்கு நேர் முன்னால் செல்லும் இடம், எந்தத் தடமானாலும், நமக்குரிய இடமன்று. சேவைச் சாலை உள்ள பகுதியில் அதில் செல்வதே உத்தமம். மும்பை–புனே விரைவுச் சாலையிலோ இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. பழைய நெடுஞ்சாலைதான் நமக்கு.

தலைக்கவசத்தைப் பற்றி இவ்வூரில் பேசினால் விவாதம் கிளம்பும். 2019 ஜனவரியில் போலீஸார் அதைக் கண்டிப்பாக்கியபோது எதிர்ப்பு ஊர்வலமே நடந்தது. நாம் விவாதிக்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்றும், அவ்வாண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகம் என்றும் மத்திய அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. மகளுக்கு வண்டி வாங்குமுன் தலைக்கவசம் வாங்கினோம்.

சிவப்பு விளக்கில் எங்கே நிற்பது என்பது அவள் கடைசியாகக் கேட்டது. கோட்டுக்குப் பின்னால், காரின் நேர் பின்புறத்தில் அல்லாமல் சற்று ஒரு பக்கமாக, எண்ணெய்க் கறையை விட்டு விலகி, முதல் கியரில், கிளட்சைப் பிடித்தபடி, பின்னால் வருபவர் நிற்கிறாரா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. அவர் நின்ற பிறகு கியரை எடுத்துக் கையை இளைப்பாற விடலாம். சென்ற ஞாயிறன்று அதிகாலை, ஜங்லி மகாராஜ் சாலையில் கூட்டம் சேருமுன் அவள் அவ்வாறே நின்றாள். நாம் நம் பழைய ஸ்கூட்டரில் பின்னால் வந்து நின்றதை அவள் கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் விளக்குப் பச்சையாயிற்று.