நர்சிங் அசிஸ்டென்ட் சர்டிஃபிகேட்: ரினியூவலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று மருத்துவமனை வேலை தேடிப் போகிறவர்களுக்கு எழும் முதல் கேள்வி, 'நம்ம சர்டிஃபிகேட் செல்லுமா?' என்பதுதான். 'காலாவதி ஆயிடுச்சு, ரினியூவல் பண்ணித் தர்றோம்' என்று யாராவது பணம் கேட்டால் கட்டலாமா? அது கையில் இருப்பது எந்தச் சான்றிதழ் என்பதைப் பொறுத்தது.

இரண்டும் ஒன்றல்ல

ஏ.என்.எம். என்பது 2 ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். 3 ஆண்டுகள், பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். இவற்றை முடித்தவர்கள், 1926-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்பது சில மாதங்களில் முடியும் திறன் பயிற்சி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சாப்பிட உதவுவது போன்றவை இவர்களின் வேலை. சான்றிதழில் 'ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில்' என்று இருக்கும். பெயரில் கவுன்சில் இருந்தாலும், இது செவிலியர் கவுன்சில் அல்ல.

ரினியூவல் யாருக்கு?

பதிவு பெற்ற செவிலியர்களுக்கு. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 150 மணி நேரத் தொடர் பயிற்சி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை.

அசிஸ்டென்ட்டுகளுக்குச் செவிலியர் கவுன்சிலில் பதிவே கிடையாது. பதிவே இல்லாதபோது எதைப் புதுப்பிப்பது?

கூகுளில் தேடினால் குழப்பம் கூடும். காரணம், அமெரிக்க விதிகள்தான் முதலில் வந்து நிற்கும். அங்கே 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, நர்சிங் அசிஸ்டென்ட்டுகளுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் மாநிலப் பதிவேடும் உண்டு. தொடர்ந்து 2 ஆண்டுகள் அந்த வேலை பார்க்காவிட்டால் மறுபடியும் பயிற்சி, தேர்வு. அந்த விதி இங்கே பொருந்தாது.

எப்படிச் சரிபார்ப்பது?

* அசிஸ்டென்ட் சான்றிதழில் க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். திறப்பது அரசுத் தளமா, பெயரும் சான்றிதழ் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
* அரசுத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப்', டிஜிலாக்கர் இரண்டிலும் தேடலாம்.
* செவிலியர்கள் என்றால், பதிவு எண்ணை மாநில கவுன்சிலில் உறுதி செய்துகொள்ளலாம்.

எல்லை தாண்டினால்?

தமிழ்நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் பெங்களூருவில் பணியாற்ற வேண்டுமென்றால், இங்கே தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அசிஸ்டென்ட் சான்றிதழ் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் வருவதால், மாநிலம் மாறினாலும் கவுன்சில் பதிவு தேவையில்லை.

சேரும் முன்...

'ஆறே மாசத்துல நர்ஸ் ஆகலாம்' என்று நோட்டீஸ் பார்த்தால், 'படிச்சு முடிச்சா எந்த கவுன்சில்ல பதிவு பண்ணலாம்?' என்று கேளுங்கள். அசிஸ்டென்ட் கோர்ஸ் முடித்தவர் நர்ஸ் ஆக முடியாது. ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. ஏதாவது தவறு நடந்தால், 'எந்தப் பதிவின் பேரில் போட்டீர்கள்?' என்ற கேள்வி அவரிடம்தான் வரும்.